விசைப்படகில் ஜெனரேட்டர் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் படகுகள் ஒரு பயணத்தில் முப்பது, நாற்பது நாள்கள் வரைகூடக் கடலிலேயே தங்குகின்றன. பாக் நீரிணைப் பகுதியின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாகச் சூரை மீனுக்கான தூண்டில் படகுகளை வழங்கும் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்ட பிறகு, கிழக்குக் கரையிலும் நீண்ட பயணம் செல்லும் படகுகள் வந்துவிட்டன. மாலையில் புறப்பட்டு மறுநாள் கரை திரும்பும் படகுக்கு இல்லாத மின்தேவை இவற்றுக்கு உண்டு. அதனால்தான் ஜெனரேட்டர் குறித்த கேள்விகள் பெருகியுள்ளன. 12 முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள, டீசல் என்ஜினில் ஓடும் மர, ஃபைபர், இரும்புப் படகுகளை மனத்தில் கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பொருத்தும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர்கள் எதைச் செய்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் படகு உரிமையாளரும் டிரைவரும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் உறங்கப்போகிறவர்கள் அவர்களும் அவர்களுடைய ஆட்களும்தான்.

எங்கள் படகுக்கு ஜெனரேட்டர் உண்மையிலேயே தேவையா?

எல்லாப் படகுகளுக்கும் தேவையில்லை. வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வழிகாட்டு விளக்குகள், அறை விளக்குகள், கைபேசி சார்ஜ் ஆகியவற்றுக்கு மெயின் என்ஜினின் ஆல்டர்னேட்டரும் (சுழற்சியை மின்சாரமாக மாற்றும் பாகம்) நல்ல பேட்டரிகளும் போதும். ஒன்றிரண்டு 230 வோல்ட் பொருள்களுக்கு ஓர் இன்வெர்ட்டர் போதும். மீன் அறையைக் குளிர்விக்கும் கம்ப்ரசர், குளிரூட்டிய கடல்நீரைச் சுழற்றும் பம்ப் போன்று மணிக்கணக்கில் ஓடும் மோட்டார்கள் இருந்தால்தான் ஜெனரேட்டர் அவசியமாகிறது. தேவையில்லாத ஜெனரேட்டர் என்பது கூடுதலான ஓர் என்ஜின், கூடுதலான ஒரு புகைக்குழாய், படகின் அடியில் கூடுதலான ஒரு துளை, கூடுதலான ஒரு டீசல் குழாய். இவை ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தைத் தன்னோடு கொண்டுவருவதால், இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை கே.வி.ஏ. வாங்க வேண்டும்? பெரியதாக வாங்கிவிட்டால் நல்லதுதானே?

கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டரின் மின்திறனைக் குறிக்கும் அளவு. பெரியதாக வாங்குவது நல்லதல்ல. ஒரு கணக்கைப் பார்ப்போம். 1.5 கிலோவாட் கம்ப்ரசர், 0.75 கிலோவாட் பம்ப், விளக்குகளுக்கு அரை கிலோவாட், பேட்டரி சார்ஜருக்கு அரை கிலோவாட் என்று வைத்தால், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது மொத்தம் 3.25 கிலோவாட். இதைப் பார்த்துவிட்டு 5 கே.வி.ஏ. போதும் என்று பலர் முடிவு செய்கிறார்கள். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுக்கும் கரன்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். சுமார் 10 ஆம்பியரில் ஓடும் அந்தக் கம்ப்ரசர், கிளம்பும்போது 50 முதல் 70 ஆம்பியர் வரை கேட்கும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் முழு அளவே ஏறத்தாழ 22 ஆம்பியர்தான் என்பதால் அது திணறும், வோல்டேஜ் சரியும், மோட்டார் சுற்றாமல் நின்று சூடேறும். 7.5 கே.வி.ஏ. எடுத்து, கம்ப்ரசருக்கு, கிளம்பும்போது இழுக்கும் கரன்டை மட்டுப்படுத்தும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்து, பெரிய மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டு மற்றவற்றைப் பின்னர் போடும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தப் படகுக்குச் சரியாக இருக்கும். 7.5 கே.வி.ஏ. என்பது நடைமுறையில் ஏறத்தாழ 6 கிலோவாட் என்பதால், ஓடும் சுமை அதன் திறனில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும்.

இதே படகில் 20 கே.வி.ஏ. வைத்தால் அது ஐந்தில் ஒரு பங்குச் சுமையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டீசல் என்ஜின் தன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் சிலிண்டருக்குள் வேண்டிய வெப்பம் எழாது. டீசல் முழுதும் எரியாமல் கரியும் எண்ணெயுமாகப் புகைக்குழாயில் படியும், இன்ஜெக்டர் அடைபடும், பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். புகைக்குழாய் இணைப்புகளில் கறுத்த ஈரம் கசிவதைக் கண்டால் இதுதான் காரணமாக இருக்கும்.

வீட்டிலும் கடையிலும் பயன்படுத்தும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் படகில் வைத்துக்கொள்ளலாமா?

விசைப்படகின் என்ஜின் அறையிலோ, அறைகளுக்கு உள்ளேயோ, தளத்துக்குக் கீழே எந்த இடத்திலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போகாமல் படகின் அடிப்பகுதிக்கு இறங்கி, அங்கே தேங்கிய தண்ணீரின் மேல் படர்ந்து நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு அது கலந்திருந்தாலே ஒரு சுவிட்சின் பொறி போதும். கரையில் பயன்படுவதற்காகச் செய்யப்பட்ட ஜெனரேட்டரின் பாகங்கள் பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை அல்ல. அதன் டேங்க் என்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது. படகு உருளும்போது மூடி வழியே பெட்ரோல் சிந்துவதும், சூடான சைலன்சர் மீது அது விழுவதும் நடக்கக்கூடியவை.

தளத்தின் மேலே திறந்த வெளியில் கட்டி வைத்து ஓட்டுகிறோம் என்பவர்களும் அடுத்த பதிலைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

மின்சாரம் தாக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே ஒயரைத் தொடாமல் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். புகையைக் கண்டு அந்தப் பயம் வருவதில்லை. எரிபொருள் முழுதாக எரியாதபோது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக நடந்துகொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 400 பங்கு இது கலந்திருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். 800 பங்கு ஆனால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரும். 1,600 பங்கில் இருபது நிமிடங்களில் அதே அறிகுறிகள் தோன்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். சிறிய பெட்ரோல் என்ஜினின் புகையில் இது பல ஆயிரம் பங்குக்கும் மேல் இருக்கும். டீசல் புகையில் குறைவுதான். ஆனால் காற்று போதாமல் ஓடும்போதும் சுமை மிஞ்சும்போதும் அதிலும் கூடும், மூடிய அறையில் எந்த அளவும் சேர்ந்துகொண்டே போகும்.

திறந்த வெளி என்பது தரும் நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதற்கு அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே வாடகைக்கு விடப்படும் வீட்டுப்படகுகளில் பெட்ரோல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் பின்தளத்துக்கு அடியில் திறந்திருந்தது. 2000 ஆகஸ்டில், பின்புறத்தில் நீந்திக்கொண்டிருந்த 8 வயதும் 11 வயதுமான சகோதரர் இருவர் அந்தத் தளத்தின் அடியிலிருந்த இடைவெளிக்குள் சென்று இந்த வாயுவால் மயங்கி இறந்தார்கள். சுற்றிலும் பரந்த ஏரியும் மேலே திறந்த வானமும்தான் இருந்தன. அதன் பிறகு அமெரிக்க அரசின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் அந்தப் படகுகளை ஆராய்ந்தது. புகைக்குழாயை மேல்தளத்துக்கும் மேலே உயரமாகக் கொண்டுசென்றால் ஆட்கள் நடமாடும் இடங்களில் வாயுவின் அளவு பெருமளவு குறைகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

நம் படகுகளில் வேறு ஒரு சிக்கல் உண்டு. படகு முன்னே செல்லும்போது வீல் ஹவுஸின் (படகை ஓட்டும் அறை) பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகும். பின்தளத்தில் வெளியேறும் புகை விலகிப் போகாமல் அந்தச் சுழலில் சிக்கி, திறந்திருக்கும் பின்கதவு வழியாக ஆட்கள் படுக்கும் இடத்துக்கே திரும்பி வரும். முன்பக்கச் சன்னலையும் சேர்த்துத் திறந்து வைத்தால் காற்று முன்னிருந்து பின்னாக ஓடிப் புகையை வெளியே தள்ளும். பின்கதவை மட்டும் திறப்பது புகைக்கு வழிவிடுவதாகும். நான் ஒரு முறை பார்க்கச் சென்ற படகில், புதிதாக வந்த இரு இளைஞர்களுக்குக் கடல் ஒவ்வவில்லை, விடாத தலைவலியும் வாந்தியும் என்று சொன்னார்கள். அவர்கள் படுத்திருந்த பலகைக்கு இரண்டு அடி தள்ளி, சுவருக்கு அப்பால், ஜெனரேட்டரின் சைலன்சர் ஒரு வெடிப்போடு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற நாள்களில் அவர்களுக்குத் தலைவலி இல்லை என்பதைக் கடல்நோய்க்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டரும் கடலில்தான் ஓடியது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எனவே, உறங்கும் ஒவ்வோர் அறையிலும் படகுகளுக்கென்று செய்யப்பட்ட கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட மிகச் சிறிதளவே இலேசானது, அறை முழுவதும் கலந்து நிற்கும். ஆகவே படுத்திருப்பவரின் தலைமட்டத்துக்கு அருகில் பொருத்தினால் போதும். அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள். அதன்மேல் எழுதப்பட்ட தேதி கடந்தால் கருவியை மாற்ற வேண்டும்.

யாராவது மயங்கிவிட்டால் என்ன செய்வது?

உள்ளே ஓடுவதற்கு முன் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். மயங்கியவரைத் திறந்த வெளிக்கு, காற்று வரும் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மூச்சில்லை என்றால் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்க வேண்டும். வி.ஹெச்.எஃப். வயர்லெஸின் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள். தொலைபேசி எட்டும் தொலைவில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழையுங்கள். வெறும் காற்றைச் சுவாசிக்கும்போது ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறையும். ஆகவே கண் விழித்துவிட்டார் என்பதற்காக அவரை வேலைக்கு அனுப்பவும் கூடாது, தனியே விடவும் கூடாது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஜெனரேட்டரை எந்த இடத்தில் பொருத்துவது நல்லது?

என்ஜின் அறையில், இயன்றவரை தாழ்வாகவும் படகின் நடுக்கோட்டுக்கு அருகிலும். வீல் ஹவுஸின் கூரையில் தூக்கி வைப்பதைச் சில இடங்களில் காண முடிகிறது. பல நூறு கிலோ எடை அவ்வளவு உயரத்தில் நின்றால் படகின் சமநிலை கெடும், வலை தூக்கும்போதும் குறுக்கலை அடிக்கும்போதும் படகு திரும்பி நிமிர்வது தாமதமாகும். ஒரு பக்கமாக வைக்க நேர்ந்தால் எதிர்ப்பக்கத்தில் பேட்டரியையோ டீசல் டேங்கையோ அமைத்து எடையைச் சமன் செய்ய வேண்டும்.

தாங்கும் கட்டைகளை வெறும் தளப்பலகையில் அறையாமல், படகின் குறுக்குச் சட்டங்களோடு இணைக்க வேண்டும். ஃபைபர் படகில் கட்டைகளை ஃபைபர் பூசி உடலோடு ஒன்றாக்க வேண்டும்; உடலைத் துளைத்துப் போல்ட் போடக் கூடாது. ஜெனரேட்டருக்கு அடியில், கசியும் எண்ணெயைத் தாங்க ஒரு தட்டு வேண்டும். அடித்தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் ஆல்டர்னேட்டரைத் தொடாத உயரமும் வேண்டும். இவற்றோடு, பம்பின் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம்), பெல்ட், ஃபில்டர், ஆயில் அளவு பார்க்கும் கம்பி ஆகிய நான்கும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று வாங்கும்போதே பார்த்து, அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து வேலை செய்ய இடம் விடுங்கள். கை எட்டாத இடத்தில் உள்ள எதையும் நடுக்கடலில் யாரும் பராமரிப்பதில்லை.

என்ஜின் அறைக்கு ஏற்கெனவே காற்றுவழி இருக்கிறது. அது போதாதா?

அது மெயின் என்ஜினுக்காகக் கணக்கிட்டு வைத்தது. ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் டீசல் என்ஜின் அதைவிட நிறையவே இழுக்கும். இதற்கு மேல் ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கவும் காற்று வேண்டும். இரண்டு என்ஜின்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது கதவைத் திறக்க முடியாமல் உள்ளிழுப்பாக இருந்தால், வழி போதவில்லை என்று பொருள். குளிர்ந்த காற்று தாழ்வாக உள்ளே வந்து, சூடான காற்று மேலே எதிர்மூலையில் வெளியேற வேண்டும். உள்ளே இழுக்கும் வாய் எந்தப் புகைக்குழாயின் வாய்க்கும் அருகில் இருக்கக் கூடாது.

ரேடியேட்டர் வைத்த, கரைக்கென்று செய்த டீசல் ஜெனரேட்டர்களைப் பெட்டியோடு அப்படியே என்ஜின் அறையில் இறக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் வெப்பம் முழுவதும் அறைக்குள்ளேயே கொட்டி, அதே சூடான காற்றை ரேடியேட்டர் மீண்டும் இழுக்கும். கடல்நீரால் குளிரும் அமைப்போ, படகின் அடியில் ஓடும் கீல் கூலிங் குழாயோ உள்ள ஜெனரேட்டரே பொருத்தமானது.

புகைக்குழாயை மெயின் என்ஜினின் குழாயோடு சேர்த்துவிடலாமா?

சேர்க்கக் கூடாது. ஒன்று ஓடி மற்றொன்று நிற்கும்போது, ஓடுவதன் புகையும் ஈரமும் நிற்பதன் சிலிண்டருக்குள் போய்ச் சேரும். ஜெனரேட்டருக்குத் தனிக் குழாய் வேண்டும்.

உலர் புகைக்குழாய் என்றால், என்ஜினை அடுத்து நெளியும் தன்மையுள்ள ஒரு பெல்லோஸ் துண்டு வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் வெல்டிங் வெடிக்கும். குழாய் முழுவதும் வெப்பம் தாங்கும் நாடா சுற்றி, மரமோ ஃபைபரோ உள்ள தளத்தைக் கடக்கும் இடத்தில் இரும்பு வளையமும் இடைவெளியும் விட வேண்டும். பல ஆண்டுகள் சூட்டில் காய்ந்த மரம் முன்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும். மழைநீர் இறங்காதபடி மேல்வாயில் மூடியும், தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் திருகும் வேண்டும்.

புகையோடு கடல்நீரைக் கலந்து வெளியேற்றும் ஈர முறையில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. புதிய ஜெனரேட்டர்களின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து வீணாவதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது, சைஃபன். குளிர்விக்கும் நீர் புகைக்குழாயில் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழேயோ, அதற்குச் சற்றே மேலேயோ இருந்தால், என்ஜின் நின்ற பிறகும் கடல்நீர் தானாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். வாட்டர் லாக் (புகைக்குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் தங்கும் பெட்டி) நிரம்பி, புகைவழியே என்ஜினுக்குள் ஏறும். இதைத் தடுக்க, நீர் செல்லும் ஹோஸை முழுச் சுமையில் உள்ள நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளைத்து, அந்த உச்சியில் காற்று வால்வு பொருத்த வேண்டும். முழுச் சுமை என்றால் ஐஸும் டீசலும் மீனும் நிறைந்த நிலை. கரையில் காலியாக நிற்கும்போது அளந்தால் கணக்குத் தவறும். அந்த வால்வில் உப்பு படிந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, கிளம்பாத என்ஜினைத் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிப்பது. ஒவ்வொரு முறையும் பம்ப் தண்ணீரைத் தள்ளும். அதை வெளியேற்றப் புகையின் வேகம் இருக்காது. இரண்டு மூன்று முறை அடித்தும் கிளம்பவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுத்தான் மேலும் முயல வேண்டும், கிளம்பிய உடனே திறக்க வேண்டும்.

மூன்றாவது, பலர் அறியாதது. ஜெனரேட்டருக்கு நீர் எடுக்கும் வாய்க்கு முன்னோக்கிய அகப்பை போன்ற மூடி போட்டால், படகு வேகமாகச் செல்லும்போது தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே தள்ளப்படும். ஜெனரேட்டர் நின்றிருந்தாலும் பம்பைத் தாண்டிப் புகைவழியை நிரப்பிவிடும். ஆகவே அந்த வாய் தட்டையாக இருக்க வேண்டும். மெயின் என்ஜினின் வாயிலிருந்து பங்கு பிரிக்காமல் தனி வாயாகவும் இருக்க வேண்டும். வால்வு வெண்கலமாக இருக்கட்டும். மலிவான பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தை அரித்தெடுத்துவிடும்; வெளியே பார்க்க நன்றாக இருக்கும் வால்வு ஒரு நாள் கையோடு ஒடிந்து வரும்.

டீசலை மெயின் என்ஜினின் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?

டேங்கிலிருந்து தனிக் குழாயும், திரும்பும் டீசலுக்குத் தனி வழியும் வைப்பதே சரி. பொதுக் குழாயில் பெரிய என்ஜின் இழுக்கும்போது சிறியதற்குக் காற்று புகும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் டீசல் பற்றும் ஆவியைத் தரத் தொடங்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தரக்கட்டுப்பாடு வகுத்த கீழெல்லை 35 டிகிரி செல்சியஸ் மட்டுமே. பன்னாட்டுக் கப்பல்களுக்கு அது 60 டிகிரி. நம் என்ஜின் அறைகள் பகலில் 45 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயை டீசலுக்குப் பயன்படுத்துவதை இன்றும் காண்கிறேன். ஐ.எஸ்.ஓ. 7840 என்ற தரக்குறி உள்ள ஹோஸ் தீயின் நடுவே இரண்டரை நிமிடம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது; ஆட்கள் வெளியேறித் தீயணைப்பானை எடுக்க அந்த இரண்டரை நிமிடம் வேண்டும். டேங்கின் அடைப்பு வால்வை என்ஜின் அறைக்கு வெளியிலிருந்து மூடும்படி அமைக்க வேண்டும்.

கடலில் எர்த் எங்கே இருக்கிறது? எர்த் இல்லாமலேயே ஓட்டுகிறோமே?

கேட்க வேண்டிய கேள்வி இது. இரும்புப் படகில் உடலே எர்த். மர, ஃபைபர் படகில் நீருக்குள் எப்போதும் மூழ்கியிருக்கும் ஒரு செம்பு அல்லது வெண்கலத் தகட்டையும் என்ஜின் உடலையும் தடித்த கம்பியால் இணைத்து, அதையே படகின் பொது எர்த்தாகக் கொள்கிறோம். ஆனால் மனிதரைக் காப்பது அந்தத் தகடு மட்டுமன்று. ஜெனரேட்டரின் நியூட்ரல், ஜெனரேட்டர் இருக்கும் இடத்திலேயே, ஒரே ஓர் இடத்தில் மட்டும், எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாரின் இரும்புக் கூடும் எர்த் கம்பியால் அந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் கசியும் கரன்டுக்குத் திரும்பும் வழி கிடைத்து, கரன்ட் கசிவைக் கண்டறியும் சுவிட்சான 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். நியூட்ரல் எங்கும் இணைக்கப்படாமல் விடப்பட்ட ஜெனரேட்டரில் எவ்வளவு விலை கொடுத்து ஆர்.சி.சி.பி. வைத்தாலும், முதல் கசிவை அது காண முடியாது. எர்த் இல்லாமலே ஓடுவது உண்மைதான். விளக்கு எரிய எர்த் தேவையில்லை. உப்புநீரில் நனைந்த கையோடு ஒருவர் பம்பைத் தொடும் நாளில்தான் அது தேவைப்படும்.

துறைமுகத்தில் கரை மின்சாரம் எடுக்கும் படகில், ஜெனரேட்டர், கரை மின்சாரம், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் எந்த இரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். அது ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதாக, ஒன்றை முழுதும் விட்ட பிறகே மற்றொன்றைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். இது இல்லாமல் கரை மின்தடையின்போது ஜெனரேட்டரைப் போட்டால், உங்கள் மின்சாரம் கரைக் கம்பிக்குள் திரும்பிச் சென்று, அங்கே பழுது பார்க்கும் தொழிலாளியைக் கொல்லக்கூடும்.

எந்த கேபிள் வாங்குவது?

பல இழைச் செம்பு, வெள்ளீயம் பூசியது கிடைத்தால் மிக நல்லது. அலுமினியம் கூடாது, ஒற்றைக் கம்பியும் கூடாது, அதிர்வில் ஒடியும். 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தரும் 33 ஆம்பியருக்குக் கரையில் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போதும் என்பார்கள். 50 டிகிரி சூட்டில் அதன் தாங்கும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், என்ஜின் அறைக்குள் 10 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு படகில் எங்குமே இருக்கக் கூடாது.

பேட்டரிக்கும் தீயணைப்பானுக்கும் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஜெனரேட்டரைக் கிளப்பத் தனிப் பேட்டரி வையுங்கள். அப்போது மெயின் பேட்டரி இறங்கிப்போன இரவிலும் ஜெனரேட்டரை ஓட்டி அதைச் சார்ஜ் செய்ய முடியும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் என்பதால் பேட்டரிப் பெட்டியின் மேற்பகுதியில் காற்றுவழி வேண்டும். உலர் பவுடர் தீயணைப்பானை என்ஜின் அறைக்கு உள்ளே மாட்டாமல் கதவுக்கு வெளியே மாட்டுங்கள். தீப்பிடித்தால் முதலில் இரண்டு என்ஜின்களையும் நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் அறையில் அடிக்கும் பவுடரையும் சேர்த்து இழுத்துப் புகைக்குழாய் வழியே வெளியேற்றிவிடும். ஆகவே நிறுத்தும் பொத்தான் ஒன்று வீல் ஹவுஸில் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்து இரவில் விளக்கு போட்டு மீன் பிடிக்கலாமா?

கூடாது. எல்.இ.டி. உள்ளிட்ட செயற்கை ஒளியால் மீனைக் கவர்ந்து பிடிப்பதை இந்தியப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. அதற்காக என்று ஜெனரேட்டர் வாங்குவது சட்டத்துக்கும் எதிரானது, கடலில் வளரும் குஞ்சு மீன்களுக்கும் கேடு.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது?

மீன்பிடித் தடைக்காலத்தில்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் படகுகள் கரையேற்றப்பட்டிருக்கும். அடியில் துளையிடுவதும் எர்த் தகடு பொருத்துவதும் படகு கரையில் நிற்கும்போதுதான் முடியும். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் தொடங்கினால் சோதிக்க நாள் இருக்காது; முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிடுங்கள்.

சோதனை எப்படிச் செய்ய வேண்டும்?

படகைத் தண்ணீரில் இறக்கியதும் வால்வுகளைத் திறந்து, எதையும் ஓட்டாமல் ஓரிரவு விட்டு, காலையில் வாட்டர் லாக்கைத் திறந்து பாருங்கள். முந்தைய நாளைவிட நீர் கூடியிருந்தால் எங்கோ சைஃபன் இருக்கிறது. பின்னர் எல்லா மோட்டார்களையும் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டி, புகைக்குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும், கேபிள் முனைகள் சூடாகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். இறுதியாக, படகைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுசென்று, ஜெனரேட்டர் ஓடும் நிலையில், காற்று எதிரிலும் பக்கத்திலும் பின்னாலும் வரும்படி மூன்று திசைகளில் சிறிது நேரம் செலுத்தி, படுக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று திசையிலும் அது பூஜ்யமாகவே நிற்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் எண் ஏறினாலும் புகைக்குழாயின் வாயை இடம் மாற்றி, மறுபடியும் மூன்று திசையிலும் ஓட்டிப் பார்த்த பிறகே ஐஸ் ஏற்றுங்கள்.

நாற்பது நாள் பயணத்தில் என்னென்ன உதிரிப் பொருள்கள் எடுத்துச் செல்வது?

இம்பெல்லர் இரண்டு, அதன் மூடிக்கான கேஸ்கெட், பெல்ட், டீசல் ஃபில்டர்கள், ஆயில், ஃபியூஸ்கள், குளிர்விப்பானை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகத் துண்டு ஒன்று, ஹோஸ் கிளாம்புகள். இம்பெல்லர் உடைந்திருந்தால் புதியதைப் போடுவதோடு நின்றுவிடாமல், பழையதில் எத்தனை இதழ்கள் காணவில்லை என்று எண்ணி, அத்தனை துண்டுகளையும் குழாயில் தேடி எடுக்க வேண்டும். ஒரு துண்டு தங்கினாலும் நீரோட்டம் குறைந்து, சில நாள்களில் ரப்பர் புகைக்குழாய் சூட்டில் உருகத் தொடங்கும்.